மரக்கிளையில் மலரும் மணம்



ஆடி மாதத்திற் கச்சான் காற்று அப்புத்தளைக் கணவாயைக் கடந்து ஊவாப் பள்ளத்தாக்கில் இறங்கும் நாட்களில், மாலையிற் கொழுந்து நிறுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பும் என் தாயார், வெறுங்கூடையைக் கவிழ்க்குமுன் அதன் அடியில் ஒட்டிக் கிடக்கும் நசுங்கிய இலைகளை வழித்தெடுத்து முகர்ந்து பார்ப்பது வழக்கம். பெரும்பாலான நாட்களில் ஒன்றும் சொல்லமாட்டார். ஏதோ ஒரு நாள் மாத்திரம் சொல்வார்: “கச்சான் ஏறிருச்சு தம்பி, கொழுந்துல மணம் வந்திருச்சு.” ஓரிரு நாட்கள் கழித்துத் தோட்டத்துத் தொழிற்சாலையிலே தேயிலைக்குப் பொறுப்பான உத்தியோகத்தர், கிண்ணங்களை வரிசையாக வைத்துச் சுவைத்துவிட்டு, அதே செய்தியைச் சொல்வார். அவருடைய சொல் கொழும்பு ஏலச் சந்தை வரை போகும். அம்மாவின் சொல் எங்கள் லயத்து வாசற்படியைத் தாண்டியதில்லை.

நான் பின்னாளில் இரசாயனம் படித்து, அதனைப் பல ஆண்டுகள் பாடசாலைகளிற் கற்பித்து ஓய்ந்தவன். அம்மா மூக்கினால் அறிந்த அப்பொருளுக்கு நூல்கள் இட்டிருக்கும் பெயரை அறிந்த அன்றே வேறொன்றையும் அறிந்தேன். தேயிலையின் இலைக்குள் ஒளிந்து கிடக்கும் அதே பொருள், உலகத்துப் பூக்கள் பலவற்றின் மணத்திலும் பங்கு கொண்டிருக்கிறது என்பதே அது. இன்று நான் பேச வந்தது அப்பூக்களைப் பற்றி. அவற்றுள்ளும், மண்ணிலே காலூன்றாது மரக்கிளையில் அமர்ந்து மலரும் பூக்களைப் பற்றி. அம்மாவின் கூடைக்கு முடிவில் திரும்பி வருவேன்.

மரத்தின் மேல் வாழும் செடி என்றவுடன் நம்மவர் பலர் புல்லுருவி என்று முடிவு கட்டிவிடுகின்றனர். புல்லுருவி வேறு, மேலொட்டி வேறு. புல்லுருவியானது தான் ஏறிய மரத்தின் மரப்பட்டையைத் துளைத்து உட்புகுந்து, மரத்தின் நீரையும் உப்பையும் உறிஞ்சி வாழ்வது. மேலொட்டியோ மரத்தை இருப்பிடமாக மட்டுமே கொள்வது. மழையும் பனிமூட்டமும் தரும் நீரும், பட்டையின் பிளவுகளிற் சேரும் தூசும், உக்கிய இலையும், பாசியுமே அதன் சொத்து. அதன் வேர்கள் மரத்தைப் பற்றிக்கொள்ளும், மரத்துக்குள் நுழையா. இவ்வேறுபாட்டை அறியாமையால் நிழல்மரங்களுக்குக் கிளை கழிக்க வரும் ஆட்கள், புல்லுருவியோடு சேர்த்து ஓர்க்கிட் செடிகளையும் சுரண்டி எறிவதை என் சிறுவயதிற் பலமுறை கண்டிருக்கிறேன். எறிந்தவற்றைப் பொறுக்கி வந்து லயத்தின் பின்புறத்து வேலி மரத்திற் கட்டிவைத்தவர்களும் எங்கள் பெண்களே.

இலங்கையில் ஏறக்குறைய 190 வகை ஓர்க்கிட்டுகள் இயற்கையாய் வளர்கின்றன. அவற்றுள் ஐம்பதுக்கு மேற்பட்டவை இத்தீவைத் தவிர வேறெங்கும் இல்லாதவை. மலைநாட்டுக் குளிர்க்காடுகளில் வெண்ணிறப் பூக்களைத் தூக்கி நிற்கும் ஒரு மேலொட்டிக்குச் சீலொஜைனி ஒடொரற்றிசிமா என்று பெயர். ‘மிக்க நறுமணமுடையது’ என்பது அப்பின்மொழியின் பொருள். பெயர் வைத்தவரே மணத்தைக் கண்டு மயங்கியிருக்கிறார் போலும். ஓர்க்கிட் அல்லாத மேலொட்டிகளிலும் மணமுள்ளவை உண்டு. மெழுகினாற் செய்ததுபோன்ற விண்மீன் பூக்களைக் கொத்தாகத் தொங்கவிடும் ஹோயாக் கொடிகள் அவ்வகையின.

பேராதனைப் பூங்காவின் இயக்குநராக 1880 முதல் 1896 வரை இருந்த ஹென்றி டிரிமன் என்பவர் இலங்கைத் தாவரங்களைப் பற்றிய பெருநூலை எழுதியவர். அவர் காலத்தில், 1886இல், நமது பதுளையிலும் அரசாங்கத்தின் கிளைப் பூங்கா ஒன்று திறக்கப்பட்டது. அக்காலத்து அறிஞர்கள் செடிகளை அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டிவைத்தனர்; பேராதனையில் இருந்த சிங்கள ஓவியர்கள் அவற்றை இலை நரம்பும் தப்பாமல் வரைந்து வைத்தனர். உருவம் நின்றது, நிறமும் ஓவியத்தில் நின்றது. மணம் மாத்திரம் தாளில் ஒட்டவில்லை. ‘இனிய மணமுடையது’ என்று ஒரு சொல் எழுதுவதோடு அவர்கள் நின்றுவிட்டனர். வேறு என்ன செய்யக்கூடும்?

மணம் என்பது என்ன? பூவின் இதழிலுள்ள உயிர்க்கலங்கள் உண்டாக்கும் சில பொருள்கள், சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகிக் காற்றிற் பறக்கத்தக்க அளவு சிறிய மூலக்கூறுகளாக இருக்கின்றன. அவை நம் மூக்கின் உட்பகுதியைத் தொடும்போது மணம் என்கிறோம். தொடுவதற்கு மூக்கு இல்லாவிடத்து மணம் என்ற ஒன்று இல்லை. மூலக்கூறுகள் மாத்திரமே உண்டு. பூக்களிலிருந்து இதுவரை இனங்காணப்பட்ட இத்தகைய பொருள்கள் 1,700க்கு மேல் என்று 2006இல் வெளிவந்த தொகுப்பொன்று காட்டுகிறது. இவ்வளவு பெருந்தொகையாயினும் பெரும்பாலானவை மூன்று குடும்பங்களிலிருந்து பிறந்தவை.

முதற் குடும்பம் தர்ப்பீன்கள். ஐந்து காபன் அணுக்கள் கொண்ட சிறு துண்டொன்றைச் செடி செங்கல் போலப் பயன்படுத்துகிறது. இரண்டு செங்கல்லைச் சேர்த்தால் பத்துக் காபன். மூன்றைச் சேர்த்தாற் பதினைந்து. கொத்தமல்லி விதையை நசுக்கும்போது எழும் மணத்துக்குப் பெருங்காரணமான லினலூல் பத்துக் காபன் உடையது. ரோஜாவின் மணத்திற் கலந்துள்ள ஜெரனியோலும் அப்படியே. நமது தோட்டத்து எல்லைகளில் உயர்ந்து நிற்கும் யூக்கலிப்டஸ் மரத்தின் தைலத்திலுள்ள சினியோலும் அப்படியே. இம்மூன்றின் அணுக்களையும் எண்ணிப் பார்த்தால் வியப்பு மேலிடும். ஒவ்வொன்றிலும் காபன் 10, ஐதரசன் 18, ஒட்சிசன் 1. கூட்டுவதற்கோ குறைப்பதற்கோ ஓரணுவும் இல்லை. அடுக்கிய முறை மட்டுமே வேறு. மூன்று கறிக்கும் சாமான் ஒன்று. கைப்பக்குவம் வேறு என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் குடும்பம், ஆறு காபன் அணுக்கள் வளையமாய் அமைந்த பொருள்கள். பீனைல் அலனின் என்னும் அமினோ அமிலத்தோடு இவற்றுட் பல தொடர்புடையன. கராம்பின் மணத்துக்குக் காரணமான இயூஜினோல், வனிலா நெற்றின் வனிலின், நான் முன்னர்க் குறிப்பிட்ட அம்மாவின் கூடைப் பொருள் ஆகியன இக்குடும்பத்தைச் சார்ந்தவை. மூன்றாம் குடும்பம் கொழுப்பமிலங்கள் உடைந்து உண்டாவது. வெட்டிய புல்லின் பச்சை வாசனை இத்தகையது.

இங்கு ஒரு சொல்லைப் பற்றிச் சற்றே சொல்ல விரும்புகிறேன். ‘நாற்றம்’ என்ற தமிழ்ச் சொல் பண்டை நாளில் நறுமணத்தையும் குறித்தது. இன்று அது துர்வாடைக்கு மட்டும் உரியதாகிவிட்டது. மொழி கெட்டுவிட்டது என்று புலவர்கள் வருந்துவர். இரசாயனம் படித்தவனுக்கோ பழைய வழக்கிலும் ஒரு நியாயம் தோன்றுகிறது. மல்லிகையின் மணத்திலே இந்தோல் என்னும் பொருள் மிகச் சிறிதளவு கலந்திருக்கிறது. அச்சிறிதளவு இருப்பதனாலேயே மல்லிகை மல்லிகையாக மணக்கிறது. அதே இந்தோலைச் செறிவாக ஒரு போத்தலில் அடைத்துத் திறந்தால் மலத்தின் வாடை வீசும். பொருள் ஒன்றே, அளவே அதனை மணமாகவும் நாற்றமாகவும் ஆக்குகிறது.

தாளில் ஒட்டாத மணத்தைப் பின்னர் எப்படிப் பிடித்தார்கள்? பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்று நம்மவர் சொல்வர். அதனையே கருவியாக்கினார்கள் என்று சொன்னால் மிகையாகாது. பூவைக் கிளையிலிருந்து கொய்யாமலே ஒரு கண்ணாடிக் கூண்டினுள் அடக்கி, கூண்டின் காற்றைச் சிறு குழாய் வழியாக மெல்ல உறிஞ்சுவர். குழாயினுள் மணப்பொருளைப் பற்றி வைத்துக்கொள்ளும் நுண்டுகள்கள் இருக்கும். அவையே நமது நார். சில மணி நேரத்தின் பின் அவற்றிற் படிந்ததைக் கழுவியெடுத்து, பொருள்களை ஒன்றிலிருந்தொன்று பிரிக்கும் கருவியிலும், பிரிந்தவற்றின் மூலக்கூற்றை நிறுத்து இனங்காணும் கருவியிலும் செலுத்துவர். சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த ரோமன் கைசர் என்ற இரசாயனர் இம்முறையால் நூற்றுக்கணக்கான ஓர்க்கிட்டுகளின் மணத்தை ஆராய்ந்து 1993இல் அவற்றுக்கென்றே ஒரு நூல் வெளியிட்டார். மணப்பொருளை ஆக்கும் நொதியங்களும் ஒவ்வொன்றாய்ப் பிடிபட்டன. லினலூலை ஆக்கும் நொதியத்தின் பரம்பரையலகு, அமெரிக்காவில் வளரும் ஒரு பூஞ்செடியிலிருந்து 1996இற் பிரித்தெடுக்கப்பட்டது.

மண்ணில் வாழும் செடிக்கு இல்லாத நெருக்கடி ஒன்று மேலொட்டிக்கு உண்டு. அதன் இனத்துச் செடி அடுத்த பாத்தியில் இராது. அரைக் கட்டைக்கு அப்பால் வேறொரு மரத்தில் இருக்கலாம். இடையிலே தேயிலை மலையும் ஓடையும் கிடக்கலாம். ஓர்க்கிட்டின் மகரந்தமோ தூளாகக் காற்றிற் பறப்பதன்று. மெழுகு போன்ற சிறு உருண்டைகளாய்த் திரண்டிருப்பது. அவ்வுருண்டையைச் சுமந்து செல்ல ஒரு பூச்சி வந்தேயாக வேண்டும். தூரத்திலுள்ள பூச்சிக்குக் கிளையின் மறைவிலுள்ள பூ தென்படாது, மணம் எட்டும். இன்னொன்றையும் எண்ணிப் பார்க்கலாம். நைதரசன் உப்புக்குப் பஞ்சமான வாழ்வு மேலொட்டியின் வாழ்வு. தர்ப்பீன் மணங்களிலோ நைதரசன் அணு ஒன்றுமில்லை. காற்றும் நீரும் வெயிலும் தந்த சரக்கைக் கொண்டே அவற்றைச் செய்துவிடலாம். வறுமையிலும் விருந்துக்கு அழைக்கும் வீட்டுக்காரியின் கெட்டித்தனம் அதில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

இனி, என் வீட்டு முற்றத்துக்கு வாருங்கள். பதுளையில் நான் குடியிருக்கும் வீட்டின் பலாமரத்தில் ஓர் ஓர்க்கிட் உண்டு. டென்ட்ரோபியம் குருமெனாற்றம் என்பது அதன் நூற்பெயர். பறக்கும் புறாவைப் போன்ற வெண்பூவாதலால் சிங்கள மக்கள் அதனைச் ‘சுது பறவி மல்’ என்பர். நாம் புறா ஓர்க்கிட் எனலாம். கண்டி, பேராதனைப் பக்கத்துச் சாலை மரங்களிலும் இதனைக் காணலாம். மாதக்கணக்கில் அது வெறும் தண்டும் இலையுமாய்க் கிடக்கும். வீட்டுக்கு வருவோர் இதையேன் வளர்க்கிறீர்கள் என்று கேட்பர். ஒரு நாள் பிற்பகல் இடியும் மின்னலுமாய்த் திடீர் மழை கொட்டி, வெப்பம் ஐந்தாறு பாகை சட்டென்று இறங்கும். அன்றிலிருந்து ஏறக்குறைய ஒன்பதாம் நாள் காலை, ஊர் முழுவதிலுமுள்ள புறா ஓர்க்கிட்டுகள் யாவும் சொல்லிவைத்தாற்போல் ஒன்றாகப் பூக்கும். காலைக் காற்றில் இன்மணம் பரவும். மாலைக்குள் பூ வாடத் தொடங்கிவிடும். அவ்வளவே அதன் திருவிழா.

இதில் விந்தை ஏதுமில்லை. அரும்புகள் முன்னமே உருவாகி, பாதி வளர்ச்சியில் உறங்கிக் கிடக்கின்றன. திடீர்க் குளிர்ச்சி அவற்றை எழுப்புகிறது. மழை ஊரெங்கும் ஒரே நாளிற் பெய்வதால் கணக்கும் ஊரெங்கும் ஒன்றாகிறது. இப்பூ தன் மகரந்தத்தாலே தான் காய்க்காது. வேறொரு செடியின் மகரந்தம் வேண்டும். ஒரு நாளே வாழும் பூவுக்கு, அந்நாளில் அயல்மரத்துச் செடியும் பூத்திருந்தாலன்றி வழியில்லை. அதனாற்றான் இந்த ஒற்றுமை. மகரந்தத்தைச் சுமப்பது யார் என்பதைச் சிங்கப்பூரிற் கவனித்து 2013இல் எழுதினர். நமது நாட்டிலும் பெட்டிகளில் வளர்க்கப்படும் அதே ஆசியத் தேனீயே அது.

தேனீ பூவின் மணத்தை அறிந்து வருகிறது. பூவும் தேனீயின் மணத்தை அறிந்து வைத்திருக்கிறது. யப்பானில் ஒரு சிம்பிடியம் ஓர்க்கிட்டைத் தேடி ஆசியத் தேனீக்கள் கூட்டங் கூட்டமாய் வந்து மொய்ப்பதுண்டு. இடம் மாறிப் பறக்கும் கூட்டமே அதன் மேல் வந்து தங்கிவிடும். காரணம் என்னவென்று ஆராய்ந்தவர்கள் 2013இல் கண்டது, தேனீக்களின் சொந்த உடற்சுரப்பிலுள்ள இரண்டு அமிலங்களையே அப்பூவும் வெளியிடுகிறது என்பதை. இரண்டும் சேர்ந்தாற்றான் ஈர்ப்பு, தனித்தனியே பயனில்லை. இதைவிடக் கடுமையான தந்திரம் சீனாவின் ஹைனான் தீவிலுள்ள ஒரு டென்ட்ரோபியத்தினுடையது. அதைப் புரிந்துகொள்ளத் தோட்டத்து மக்களுக்கு அதிக விளக்கம் தேவையில்லை. மலையிலே கொழுந்து பறிக்கும்போது குளவி கலைந்தால் என்ன நேரும் என்பது நமக்குத் தெரியும். நாம் குளவி என்று சொல்லும் பெருந்தேனீ ஒன்று கொட்டினால் அடுத்தவை அந்த இடத்தையே நாடி வரும். கொட்டிய கொடுக்கிலிருந்து எழும் அபாய மணமே அவற்றை அழைக்கிறது. தேனீக்களின் அபாய மணத்தில் வாழைப்பழ வாசனையுள்ள எசுத்தர் ஒன்றும் உண்டு. ஹைனான் தீவின் அந்த ஓர்க்கிட், தேனீயின் அபாய மணத்திலுள்ள வேறொரு பொருளை வெளியிடுகிறது. அதனால் தேனீ வருவதில்லை. தேனீயைப் பிடித்துக் குஞ்சுகளுக்கு ஊட்டும் வேட்டைக் குளவி வருகிறது. இரை இருக்கிறதென்று நம்பிப் பூவின் நடுவிலே பாய்ந்து, மகரந்த உருண்டையை ஒட்டிக்கொண்டு, ஒன்றும் கிடைக்காமற் போகிறது. இது 2009இல் வெளியான உண்மை. ஓர்க்கிட் இனங்களில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு இவ்வாறு கூலி கொடுக்காமலே வேலை வாங்குபவை. பூக்களை நல்லொழுக்கத்துக்கு உவமையாக்கும் புலவர்கள் இதை மன்னிப்பார்களாக.

தேனீயை விட்டு ஈக்களை அழைக்கும் மேலொட்டிகளும் உண்டு. புல்போபில்லம் என்னும் பெருங்குடும்பம் அத்தகையது. டிரிமனின் பெயரையே தாங்கிய ஒரு புல்போபில்லம் இலங்கைக்கே உரியது. மலேசியாவிலுள்ள சில புல்போபில்லங்களை நாடி ஆண் பழ ஈக்கள் வருகின்றன. ஒன்று இஞ்சியின் மணமுள்ள சிஞ்சரோனை வெளியிடுகிறது; இன்னொன்று மெதயில் இயூஜினோலை. ஆண் ஈ அப்பொருளை நக்கி உட்கொண்டு, பெண் ஈயைக் கவரும் தன் மணத்தை ஆக்க அதைப் பயன்படுத்துகிறது. நக்கிக்கொண்டே இதழின் நடுப்பகுதிக்கு நகரும்போது, கீல் வைத்த பலகை போன்ற அவ்விதழ் சாய்ந்து ஈயைப் பூவின் தூணோடு மோதவைக்கிறது. மகரந்தம் முதுகில் ஏறிவிடுகிறது.

மெதயில் இயூஜினோலின் கதை நம் நாட்டோடும் ஒருவாறு தொடர்புடையது. இந்தியாவில் பிஹார் மாநிலத்துப் பூசாவில் இருந்த விவசாய ஆராய்ச்சி நிலையத்திற் பணிபுரிந்த ஹௌலற் என்னும் பூச்சியியலறிஞர், சிற்றனெல்லா எண்ணெயைத் தேடி ஆண் பழ ஈக்கள் வருவதை 1912இல் எழுதினார். சிற்றனெல்லா எண்ணெய் அக்காலத்தில் இலங்கையின் பெயர்பெற்ற ஏற்றுமதிப் பண்டம். நமது பத்தனைகளிலே வளரும் மானாப் புல்லின் நெருங்கிய உறவுப் புல்லிலிருந்து வடிப்பது. அவ்வெண்ணெயில் ஈயை இழுப்பது மெதயில் இயூஜினோலே என்று 1915இல் அவர் காட்டினார். இன்று மாந்தோப்புகளில் தொங்கவிடப்படும் பழ ஈப் பொறிகளில் வைப்பதும் அதுவே. காட்டில் ஓர் ஓர்க்கிட் செய்துவந்த வேலையைத் தோப்பிலே மனிதன் எடுத்துக்கொண்டான். மகரந்தத்துக்குப் பதில் மரணம் என்பதே வேறுபாடு.

அமெரிக்க வெப்பவலயக் காடுகளிலுள்ள ஓர்க்கிட் தேனீக்களின் ஆண்கள் சினியோல் போன்ற மணப்பொருள்களைப் பூவிலிருந்து சுரண்டிப் பின்கால்களிலே சேகரித்துக்கொள்வதும், மடகாஸ்கரின் வெண்பூவொன்றின் நீண்ட தேன்குழாயைக் கண்டு அதற்கேற்ற நீண்ட நாவுடைய அந்துப்பூச்சி இருந்தே தீரும் என்று டார்வின் 1862இற் சொன்னதும், அவ்வந்து 1903இற் பெயரிடப்பட்டதும் பலர் அறிந்தவை. அவற்றை விரிக்க இன்று நேரமில்லை.

அம்மாவின் கூடைக்குத் திரும்புகிறேன். அதில் மணந்த பொருள் மெதயில் சலிசிலேற்று. தசைப்பிடிப்புக்குப் பூசும் தைலங்களை முகர்ந்தவர்களுக்கு அதன் மணம் தெரியும். நீலகிரியிலும் நமது ஹோட்டன் சமவெளியிலும் வளரும் கோல்தீரியாச் செடியின் இலையை நசுக்கினாலும் அதே மணம். ஊவாத் தேயிலையைச் சுவைத்தறிவோர் அதன் பருவகாலத்துக் குளிர்ந்த, புதினா சார்ந்த வாசனையைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் இதனையே குறிக்கின்றனர்.

தேயிலையின் பசுமையான இலையில் இது மணப்பதில்லை. லினலூல், ஜெரனியோல், மெதயில் சலிசிலேற்று முதலியவற்றின் ஒரு பகுதியைச் செடி இரட்டைச் சர்க்கரையொன்றோடு பிணைத்துப் பூட்டி வைத்திருக்கிறது. பூட்டிய நிலையில் அவை ஆவியாக மாட்டா. பூட்டைத் திறக்கும் நொதியமும் அதே இலையிற்றான் இருக்கிறது. ஆனால் வேறு அறையில். இலை வாடி, நசுங்கி, அறைச்சுவர்கள் உடையும்போது திறவுகோல் பூட்டை அடைகிறது. மணம் விடுதலை பெறுகிறது. தொழிற்சாலையில் இலையை வாட்டுவதும் உருட்டுவதும் இதற்காகவுமே. அம்மாவின் கூடையின் அடியில், கனத்தினால் நசுங்கிய நாலைந்து இலைகளில், அதே வேலை ஒரு நாள் முந்தியே நடந்திருக்கிறது. அதைத்தான் அவர் முகர்ந்திருக்கிறார்.

ஊவாவுக்கு ஏன் இந்தச் சிறப்பு? தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, முகட்டைத் தாண்டி வரண்ட காற்றாய் இப்பக்கம் இறங்குகிறது. பகலிலே காய்ச்சல், இரவிலே குளிர். கொழுந்து மெதுவாக வளர்கிறது. நெருக்கடிக்குள்ளான செடி மணப்பொருள்களை அதிகமாய்ச் சேமிக்கிறது. மெதயில் சலிசிலேற்று வெறும் வாசனைப் பண்டமன்று. பூச்சி அரிக்கும்போது பல செடிகள் இலைகளிலிருந்து அதனை வெளியிடுகின்றன; அரிக்கும் பூச்சியைத் தின்னும் வேறு பூச்சிகள் அம்மணத்தை நாடி வருகின்றன. ஆகவே இலையிலே அது அபயக் குரல். பூவிலே அது வரவேற்பு. ஒரே சொல்லை இரண்டு வாக்கியங்களில் வைத்துப் பேசுகிறது செடி.

இலைக்குக் கொழும்பில் விலை கிடைத்தது. கிளையில் மலர்ந்ததற்கு விலையில்லை என்பதாலோ என்னவோ, அதன் கணக்கை எவரும் வைத்ததில்லை. நான் பிறந்த தோட்டத்தில் தொழிற்சாலைக்குப் போகும் வழியின் இரு மருங்கிலும் பாசி படர்ந்த பழைய நிழல்மரங்கள் நின்றன. ஒரு வருடம் அவையனைத்தும் விறகுக்காக வீழ்த்தப்பட்டன. வீழ்ந்த கிளைகளோடு செடிகளும் அடுப்புக்குப் போயின. புதிதாய் நட்ட மரங்கள் வளர்ந்து நிழல் தந்தன. அவற்றின் வழுவழுப்பான பட்டையில் மேலொட்டி எதுவும் நான் காண வரவில்லை. ஓர்க்கிட்டின் விதை தூசிலும் நுண்ணியது. அதற்குள் உணவு இல்லை. தகுந்த பூஞ்சணம் ஒன்று பட்டையிலே கிடைத்து ஊட்டினாற்றான் அது முளைக்கும். நாற்பது வருடம் பாசி படர்ந்த ஒரு கிளையை மூன்று வருடத்தில் உண்டாக்க முடியாது.

மரம் நின்றாலும் காற்றுக் கெட்டால் மணத்துக்கு வழியில்லை. வாகனப் புகையிலிருந்து உண்டாகும் சில பொருள்கள் இரவிலே பூவின் தர்ப்பீன்களைத் தாக்கி உருமாற்றிவிடுகின்றன என்றும், அதனால் அந்துப்பூச்சிகளின் வருகை பெரிதும் குறைகிறது என்றும் அமெரிக்காவில் நடந்த ஆய்வொன்று 2024இற் காட்டியது. அங்கே ஆராய்ந்தது மேலொட்டியையன்று. ஆயினும் மூலக்கூறு எந்தப் பூவிலிருந்து வந்தது என்று புகை கேட்பதில்லை.

1937இல் இயற்றப்பட்டுப் பலமுறை திருத்தப்பெற்ற வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நமது காட்டு ஓர்க்கிட்டுகளுக்குக் காவல் தருகிறது. அப்புத்தளைக்கு அருகே தங்கமலைச் சரணாலயத்தில் உள்ள காட்டிற் புகுந்து செடியைப் பெயர்த்தெடுப்பது குற்றம். தோட்டத்து வீதியில் நாளை வெட்டப்படவிருக்கும் கிளையைச் சட்டம் வந்து தாங்கப்போவதில்லை; கத்தி பிடித்திருக்கும் ஆளே தாங்கவேண்டும். வேர் பட்டைக்குள் நுழைந்திருக்கிறதா, பட்டையின் மேலோடு நிற்கிறதா என்று ஒருகணம் பார்த்தாற் போதும். மேலோடு நின்றால் அது மரத்துக்குத் தீங்கு செய்யாதது. கிளை விழுந்தேயாக வேண்டுமாயின், செடியைப் பட்டைத் துண்டோடு எடுத்துப் பக்கத்து மரத்தில், வந்த திசையைப் பார்த்தபடியே, தென்னந்தும்பினாற் கட்டிவிடலாம். எங்கள் பெண்கள் செய்தது அதுதான். அவற்றுட் சில, லயங்கள் இடிந்த பின்னும் அந்த வேலி மரங்களிற் பூத்துக்கொண்டிருந்தன.

கடந்த வாரம் பதுளையில் இடியோடு பெய்த மழைக்கு இன்று ஏழாம் நாள். என் வீட்டுப் பலாமரத்துச் செடியில் அரும்புகள் வெளுத்திருக்கின்றன. உங்கள் வீட்டு மரத்திலும் புறா ஓர்க்கிட் இருந்தால், நாளை மறுநாள் காலை தேநீர் அருந்துமுன் முற்றத்துக்கு வந்து நின்று பாருங்கள். பிற்பகலுக்கு ஒத்திப்போட்டால் வாடிய பூவைத்தான் காண்பீர்கள்.